இன்னொரு நர்ஸ்

1972 டிசம்பரில், நியூயார்க் மாநிலத்தில் ஒனண்டாகா வட்டார மருத்துவர் சங்கத்தின் இதழில், ஜான் பிரையர் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். 28 வருடங்களுக்கு முந்தைய ஒரு கிறிஸ்துமஸ் இரவைப் பற்றியது அது. இரண்டாம் உலகப் போர். பெல்ஜியத்தின் பாஸ்தோன் நகரை ஜெர்மன் படைகள் சுற்றி வளைத்திருந்தன. மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அவர் பொறுப்பில் கிடந்தார்கள். அவருக்குத் துணையாக இரண்டு உள்ளூர் நர்ஸுகள் வந்தார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி எழுதுகிறார்: ரெனே லெமேர். இன்னொருவரைக் காங்கோக்காரப் பெண் என்றதோடு விட்டுவிடுகிறார்.

ஆனால் அந்த இரண்டு பெண்கள் செய்த வேலையைப் பற்றி நான் படித்தவற்றில் நம்பத் தகுந்த வரிகளும் இந்தக் கட்டுரையில்தான் இருக்கின்றன. அப்போதுதான் கொண்டுவந்து போட்ட, ரத்தம் வழிகிற காயமென்றால் ரெனே சற்று ஒதுங்கிக்கொள்வாராம். ஸ்ட்ரெச்சர்களுக்கு நடுவே நடமாடி, உடம்பைத் துடைத்துவிட்டு, உணவு ஊட்டி, மிச்சமிருந்த சல்ஃபா மாத்திரைகளைக் கொடுப்பது அவருக்கு ஒத்துவந்த வேலை. காங்கோக்காரப் பெண்ணோ எந்நேரமும் ரத்தத்தின் நடுவில் நின்றார். உடைந்த எலும்புக்குச் சட்டம் வைப்பது, காயத்தைக் கட்டுவது, ரத்தப்போக்கை நிறுத்துவது எல்லாம் அவர் கை. பிரையர் இருவரில் ஒருவரை உயர்த்தி எழுதவில்லை. இரண்டும் தேவைப்பட்ட இடம் அது.

அந்தப் பெண்ணின் பெயர் அகுஸ்தா ஷிவி. அப்போது வயது 23. காங்கோக்காரர் என்பதும் பாதிதான் சரி.

*

பெயர் விடுபட்டதற்காகப் பிரையர் மேல் கோபப்படத் தோன்றவில்லை. நாமும் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறோம். நள்ளிரவில் குளுக்கோஸ் பாட்டில் காலியாகும்போது "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டிருக்கிறோம். சட்டையில் பெயர் குத்தியிருக்கும். படித்தவர் எத்தனை பேர்? டாக்டர் பெயரை ஊர் போன பிறகும் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருப்போம். அறுவைக்குப் பிறகு முதன்முதலாக எழுப்பி உட்கார வைத்தவரின் பெயர் டிஸ்சார்ஜ் ஆகும் வரைக்கும்கூட நமக்குத் தேவைப்படுவதில்லை.

*

ஷிவி பிறந்தது 1921-இல், முபாவு என்ற கிராமத்தில். அன்று பெல்ஜியம் ஆண்ட ருவாண்டா-உருண்டியில் இருந்த ஊர், இன்று புருண்டி நாட்டில் இருக்கிறது. அப்பா பெல்ஜியத்திலிருந்து போன கால்நடை மருத்துவர். அம்மா காங்கோவைச் சேர்ந்தவர். ஒன்பது வயதில் அப்பாவின் சொந்த ஊரான பாஸ்தோனுக்குக் கொண்டுவரப்பட்டார்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கடந்து போவது எளிதல்ல. அந்தக் குடியேற்ற நாடுகளில் வெள்ளைக்காரத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளை பெல்ஜிய அரசு ஒரு சிக்கலாகவே பார்த்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து மிஷன் விடுதிகளில் சேர்த்தார்கள். ருவாண்டாவில் சாவே என்ற ஊரின் விடுதி அதற்குப் பெயர்போனது. பெரும்பாலான தந்தைகள் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகள் என்று ஏற்கவே இல்லை. 2019 ஏப்ரலில்தான் பிரதமர் ஷார்ல் மிஷெல் பெல்ஜிய நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில், அப்படிப் பறிக்கப்பட்ட ஐந்து பெண்கள் முதுமையில் தொடுத்த வழக்கில், அது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஷிவியின் அப்பா மகளை மகளென்று ஏற்று ஊருக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியமில்லை. ஆனாலும் அம்மாவின் ஊரைவிட்டு வந்ததும் நடந்ததுதான். புலம்பெயர்தல் என்றதும் பெரியவர்கள் கூடிப் பேசி, கணக்குப் பார்த்து, பெட்டி கட்டிக் கிளம்புவதாகவே நினைத்துக்கொள்கிறோம். ஒன்பது வயதுக்காரியை யாரும் எதுவும் கேட்பதில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து ஆர்தென் பீடபூமியின் பனிக்கு வந்து சேர்ந்தார். ஊரில் அந்த நிறத்தில் இன்னொரு முகம் இருந்திருந்தால் அதுவே ஆச்சரியம்.

*

பாஸ்தோன் சுமார் 4,000 பேர் வாழ்ந்த ஒரு சந்தை ஊர். ஏழு சாலைகள் கூடும் இடம் என்பதைத் தவிர ராணுவ வரைபடத்தில் அதற்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. அந்த ஏழு சாலைகளே போதுமாக இருந்தன.

1940-இல் ஷிவி லூவன் நகரத்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போனார். அதே வருடம் மே மாதத்தில் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. ரேஷன் உணவு, இரவில் இருட்டடிப்பு, தெருவெல்லாம் ஜெர்மன் சீருடை என்ற நிலையிலேயே படிப்பு நடந்தது. 1943-இல் முடித்தார். 1944 செப்டம்பரில் பெல்ஜியத்தின் பெரும்பகுதி விடுதலையானது. எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்த அந்தக் குளிர்காலத்தில், கிறிஸ்துமஸுக்கு அப்பாவைப் பார்க்க லூவனிலிருந்து கிளம்பினார். அன்று டிசம்பர் 16. அதே நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு ஹிட்லரின் கடைசிப் பெருந்தாக்குதல் ஆர்தென் காடுகளில் தொடங்கியிருந்தது.

பண்டிகைக்கு ஊருக்குப் போகிற ஒரு பெண், போர் வருகிற திசையிலேயே பயணம் செய்துகொண்டிருந்தார்.

*

முற்றுகைக்குள் ஏன் போதிய மருத்துவர்கள் இல்லாமல் போனார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஊரைக் காக்க வந்த 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவுக்கு முழுமையான கள மருத்துவமனை ஒன்று இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு சாலைச் சந்திப்பில் கூடாரம் அடித்திருந்தார்கள். டிசம்பர் 19 இரவு ஜெர்மானியர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு போனார்கள். அறுவை மருத்துவர்கள், கருவிகள், மருந்து, லாரிகள் அத்தனையும் போயிற்று. அதன்பின் ஊருக்குள் எஞ்சியவை சின்னச் சின்ன முதலுதவி நிலையங்கள்தான். பிரையர் நடத்தியது அவற்றில் ஒன்று. நோவில் கிராமத்தில் அடிபட்டுப் பின்வாங்கிய கவசப் பிரிவோடு வந்தவர் அவர். நெஃப்ஷாத்தோ சாலையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் ஆட்களைப் படுக்க வைத்திருந்தார். அவருக்கு உதவியாக இருந்தவர் ஒரு பல் மருத்துவர். ஊரில் நர்ஸ் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டு, டிசம்பர் 21 அன்று ஷிவி வீட்டுக் கதவைத் தட்டினார்.

பீரங்கிக் குண்டுச் சிதறல் பட்ட ஒருவனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து போட்டால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தம் எங்கிருந்து போகிறது என்பதை. மேலே ஐந்து அடுக்கு உடுப்பு. குளிருக்காக ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருப்பான். கத்தரிக்கோலால் வெட்டித்தான் திறக்க வேண்டும். கை கால் என்றால் மேலே இறுக்கிக் கட்டலாம். தொடையின் மேல்பகுதி, அக்குள், கழுத்து என்றால் கட்ட இடமில்லை. கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வலிக்கு, மார்ஃபின் இருந்தவரை மார்ஃபின். அந்தச் சிறு ஊசிக்குழாய்கள் உறைந்துவிடாமலிருக்க மருத்துவச் சிப்பாய்கள் அவற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்தார்கள். பிளாஸ்மா பொடியாக ஒரு பாட்டிலில் வரும், கலக்க வேண்டிய நீர் இன்னொன்றில் வரும். கலந்து, கரைந்து, தெளிந்த பிறகு நரம்பைத் தேட வேண்டும். ரத்தம் போய்க் குளிரில் சுருங்கிக் கிடப்பவனிடம் நரம்பு சுலபத்தில் கிடைக்காது.

கட்டுத்துணி தீர்ந்தபோது வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கிழித்தார்கள். மயக்க மருந்து இல்லாதபோது கொன்யாக் பிராந்தியைக் கொடுத்தார்கள். வயிற்றில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்ய ஆள் இல்லை. அவர்களுக்குச் செய்ய முடிந்ததெல்லாம் பக்கத்தில் இருப்பதுதான். டிசம்பர் 23 அன்று மேகம் விலகி வானம் தெளிந்ததும் விமானங்கள் பாராசூட்டில் பொருட்களைப் போட்டன. ஊரே வெளியே வந்து பார்த்தது. அந்தப் பொருட்களில் துப்பாக்கிக் குண்டும் பீரங்கிக் குண்டும் நிறைய இருந்தன. ஆனால் அறுவை மருத்துவர்கள் கிளைடரில் வந்து இறங்க டிசம்பர் 26 ஆயிற்று. அதே நாள் மாலை ஜெனரல் பாட்டனின் டாங்குகள் தெற்கிலிருந்து வந்து முற்றுகையை உடைத்தன.

22-ஆம் தேதி சரணடையச் சொல்லி வந்த ஜெர்மன் கடிதத்துக்கு அமெரிக்கத் தளபதி மக்காலிஃப் ஒற்றைச் சொல்லில் விட்ட எகத்தாளமான பதில் எல்லா வரலாற்று நூலிலும் உண்டு. வீரமான பதில்தான். அந்தப் பதிலின் பொருள் என்ன என்பது அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தவர்களுக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கும்: இன்னும் எத்தனை நாளென்று தெரியாது, இருக்கிற துணி இவ்வளவு.

*

அமெரிக்க ராணுவத்தில் அப்போது கறுப்பினத்தவர் தனிப் படைப்பிரிவுகளில் இருந்தார்கள். பாஸ்தோனுக்குள்ளேயே 969-ஆவது பீரங்கிப் பட்டாளம் என்ற கறுப்பினப் பிரிவு முற்றுகை முழுக்க நின்று சுட்டது. பிறகு படைப்பிரிவுகளுக்கான உயரிய பாராட்டைப் பெற்றது. அதே ராணுவம் 1941-இல் கறுப்பின நர்ஸுகளுக்கு வைத்த உச்சவரம்பு 56. நாடு முழுக்க நர்ஸ் பற்றாக்குறை என்று கூவிக்கொண்டிருந்தபோதும் இந்த எண்ணிக்கை மெதுவாகவே ஏறியது. சேர்ந்தவர்களில் பலரை ஜெர்மன் போர்க்கைதிகளைக் கவனிக்கும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாயைத் தொடக் கூடாத கை எதிரி நாட்டுச் சிப்பாயைத் தொடலாம் என்று ஏற்பாடு.

ரத்தத்தையும் பிரித்தே வைத்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பினத்தவரிடம் ரத்தம் வாங்கவே மறுத்தது. 1942-இல் வாங்கச் சம்மதித்தபின்னும் தனியாகக் குறித்துத் தனியாகவே வைத்தது. இந்த வழக்கம் போருக்குப் பின்னும் 1950 வரை நீடித்தது.

இந்தப் பின்னணியில்தான் ஷிவி அந்தக் கட்டடத்துக்குள் நுழைகிறார். காயம்பட்டுக் கிடந்த சிலர், கறுப்புப் பெண் தங்களைத் தொடக் கூடாது என்றார்கள். அவர் சம்பளமில்லாமல் தானாக வந்தவர் என்பதால் ராணுவ விதி அவரைக் கட்டுப்படுத்தவில்லை. பிரையர் அந்தச் சிப்பாய்களிடம் இரண்டே வழிதான் இருப்பதாகச் சொல்லிவிட்டார்: இவர் கட்டுப்போட விடுவது, இல்லையென்றால் சாவது. யாரும் சாகத் தேர்ந்தெடுத்ததாகக் கேள்வி இல்லை.

உயிர் போகிற நேரத்திலும் மனிதன் தொடும் கையின் நிறத்தைப் பார்த்தான் என்பதைப் படிக்கும்போது எனக்குக் கோபத்தைவிட வியப்பே முந்தி வந்தது. அது எவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்! ஜாதி இருக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த வியப்பும் வெகுநேரம் நிற்காது.

*

தன் உடைகளெல்லாம் ரத்தத்தில் ஊறிப்போனதால் ஷிவி அமெரிக்கச் சீருடையை மாட்டிக்கொண்டார். ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்திருந்தால் அந்தச் சீருடைக்காகவே சுட்டிருப்பார்கள். ஊருக்கு வெளியே மார்தசோன் குன்றுப் பக்கம், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே காயம்பட்டவர்களை எடுத்துவரப் பிரையரோடு போனார். திரும்பியபோது சீருடையில் குண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. ஆள் குள்ளம் என்பதால் தப்பித்தாய் என்று பிரையர் கிண்டலடித்தாராம். வெள்ளைப் பனியில் இந்தக் கறுப்பு முகத்தைக்கூட அடிக்கத் தெரியாதவர்கள், ஜெர்மானியர்களுக்குக் குறி பார்க்கவே வராது போல என்று இவர் திருப்பிச் சொன்னாராம்.

பிறகு பல வருடம் வாயே திறக்காதவர் என்று பெயர் வாங்கியவரிடமிருந்து வந்த பேச்சு இது.

*

டிசம்பர் 24 இரவு. பிரையர் முதலுதவி நிலையத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தார். காயம்பட்ட ஓர் இளம் அதிகாரிக்காக, அவன் மனைவிக்குக் கடிதம் எழுதப் போகிற நேரம். ஒருவர் ஷாம்பேன் பாட்டிலைத் திறந்து கோப்பைகளில் ஊற்றினார். ஷிவியும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார். வெளியே ஜெர்மன் விமானங்கள் மக்னீசிய வெளிச்சக் குண்டுகளைப் போட்டன. வெல்டிங் பட்டறையில் பார்ப்பதுபோல் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் அறைக்குள் வந்தது. அடுத்து ஊளைச் சத்தம். எல்லோரும் தரையில் விழுந்தார்கள்.

குண்டு முதலுதவி நிலையத்தின் மேல் விழுந்தது. மூன்று மாடியும் இடிந்து குவிந்து தீப்பற்றியது. ஏறத்தாழ 30 காயம்பட்ட சிப்பாய்கள் இறந்தார்கள். ரெனே லெமேரும் இறந்தார். ஷிவியை வெடிப்பு சுவரோடு பிய்த்துத் தூக்கி எறிந்தது. எழுந்து நின்று பார்த்தார். உடம்பில் பெரிய அடி எதுவும் இல்லை.

பாராசூட்டுகள் விழுந்த அன்று, கல்யாணப் புடவை போல் ஒரு வெள்ளை அங்கி தைத்துக்கொள்ள பாராசூட் பட்டு வேண்டும் என்று ரெனே கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். அவர் உடலை வெள்ளைப் பாராசூட் துணியில் சுற்றிப் பிரையர் பெற்றோரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

*

இதற்குப் பிறகு கதை தானாகவே தன் நாயகியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. இளம்பெண், அந்த ஊரிலேயே பிறந்தவர், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, வெள்ளைப் பட்டு. ரெனே பாஸ்தோனின் தேவதையானார். அந்தப் பெயருக்கு அவர் முற்றிலும் தகுதியானவர். அதில் எனக்கு விவாதமே இல்லை.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இன்னொரு பக்கத்தை. ஷிவி மறக்கப்பட்டதற்கு நிறம் ஒரு காரணம் என்பார்கள். சரிதான். ஆனால் அவர் உயிரோடு இருந்தது அதற்கு இணையான காரணம் என்று படுகிறது. உயிரோடு இருப்பவர் மறுநாள் காலையில் வேறொரு இடத்தில் நின்று கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எஞ்சியவர்களைக் கொண்டுபோன படைமுகாமில் வேலை தொடர்ந்தது. பிறகு போர் முடிந்தது, வீட்டுக்குப் போனார், சம்பளத்துக்கு வேலைக்குப் போனார், வயதானார். கதை முடிய ஒரு இடம் வேண்டும். அவர் அந்த இடத்தைத் தரவில்லை.

2001-இல் வந்த 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் பாஸ்தோன் பற்றிய பகுதி உண்டு. அதில் ரெனே அவர் பெயரிலேயே வருகிறார். கூடவே ஒரு கறுப்பின நர்ஸ் சில நொடிகள் வந்து போகிறார். அவருக்கு வைத்த பெயர் அன்னா. உண்மையான அன்னா அப்போது பெல்ஜியத்தில் 80 வயதில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

*

போருக்குப் பின் ஷிவி ஒரு மருத்துவமனையில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தார். இவர் வாழ்க்கையில் நான் அதிகநேரம் நிற்கும் இடம் இதுதான். எல்லாக் கட்டுரைகளும் இதை ஒரே வரியில் முடித்துக்கொள்கின்றன.

முதல் உலகப் போர்க் காலத்தில் முதுகுத்தண்டு அறுந்தவன் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுவான். தண்டு அறுந்ததால் அல்ல. உணர்ச்சி இல்லாத உடம்பில் படுக்கைப் புண் வரும், சிறுநீர் தேங்கிக் கிருமி ஏறும், அது ரத்தத்தில் கலக்கும். சல்ஃபாவும் பெனிசிலினும் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. மருந்தோடு சேர்ந்து முக்கியமாக மாறியது நர்ஸிங் முறை. 1939-இல் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்குக் குடியேறிய லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு பிரிவைத் தொடங்கினார். அவர் விதித்த முதல் விதி: பகலும் இரவும் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் போட வேண்டும். நடக்கிறதா என்று இரவில் தானே வந்து பார்ப்பாராம். அங்கே 1948-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் வளர்ந்து இன்று பாராலிம்பிக்ஸ் ஆகியிருக்கிறது.

இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு என்று எலும்பு தோலை முட்டும் இடங்களையெல்லாம் பார்க்க வேண்டும். சிவந்திருக்கிறதா, தொட்டால் சூடு தெரிகிறதா, விரிப்பில் ஒரு மடிப்பு இருக்கிறதா. ஒரு சின்ன மடிப்பு போதும், ஒரே இரவில் புண்ணாகிவிடும். நல்ல உடம்புக்காரன் தூக்கத்திலேயே நெளிந்துகொள்வான். இவனுக்கு இடுப்புக்குக் கீழே வலி என்பதே கிடையாது. அவனுக்கு வலிக்க வேண்டிய இடத்தை நர்ஸின் விரல் கண்டுபிடித்தாக வேண்டும். அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். வரிசை முடியும்போது முதல் கட்டிலுக்கு மறுபடி நேரமாகியிருக்கும்.

பாஸ்தோனில் வேலை நிமிடக் கணக்கு. பிழைத்தானா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். இங்கே ஒரு நாள் நன்றாக வேலை செய்ததற்கு அடையாளம், எதுவுமே நடக்காமலிருப்பது. புண் வரவில்லை, காய்ச்சல் வரவில்லை. இதற்கு யாரும் பதக்கம் குத்தமாட்டார்கள். சீருடையில் ஓட்டை போட்டுக்கொண்டு திரும்பியவர் இந்த வேலையில் போய் நின்றார் என்பது எனக்கு அந்த முற்றுகை நாட்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மற்றவர்களுக்கு அப்படித் தோன்ற வேண்டுமென்பதில்லை.

*

1959-இல் ஒரு பெல்ஜியச் சிப்பாயை மணந்தார். இரண்டு பிள்ளைகள்.

அதற்கு முந்தின வருடம் பிரஸ்ஸல்ஸில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அணு வடிவில் ஒன்பது உருண்டைகள் கொண்ட அட்டோமியம் கோபுரம் அதற்காகக் கட்டப்பட்டதுதான். அதே பொருட்காட்சியில் மூங்கில் வேலிக்குப் பின்னால் ஒரு காங்கோ கிராமத்தை அமைத்து, காங்கோ மக்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேலிக்கு மேலே காசும் வாழைப்பழமும் எறிந்தார்கள். பொறுக்க முடியாமல் அந்த மக்கள் பாதியிலேயே ஊர் திரும்பினார்கள். ஷிவி குடும்பம் நடத்தத் தொடங்கிய நாடு அந்த வருடத்தில் அப்படி இருந்தது. 1960-இல் காங்கோவும் 1962-இல் புருண்டியும் சுதந்திரம் பெற்றன. அம்மாவின் நாடும் பிறந்த நாடும் தனித்தனி நாடுகளாயின. இவர் பெல்ஜியத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் போரைப் பற்றிப் பேசவில்லை. வெளியிலும் பேசவில்லை. பின்னாளில் அவரைத் தேடிக் கண்டுபிடித்த வரலாற்றாசிரியர் மார்ட்டின் கிங், போரின் அதிர்ச்சியால் சில நேரங்களில் அவருக்குப் பேச்சே எழாமல் போகும் நிலை இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த மௌனத்தை அழகாக்கிப் பார்க்கும் ஆசை எழுதுகிறவனுக்கு வரும். ஞானியின் மௌனம், தாயின் பொறுமை என்று என்னென்னவோ சொல்லலாம். அது காயம் என்றே எடுத்துக்கொள்கிறேன். போரிலிருந்து திரும்பியவரின் மனதில் தங்கிவிடும் பாதிப்புக்கு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் தனிப் பெயர் கொடுத்ததே 1980-இல். வியட்நாமிலிருந்து திரும்பிய ஆண்களை மனதில் வைத்துத்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. 1945-இல் ஒரு நர்ஸுக்கு, அதுவும் எந்த ராணுவத்தின் பட்டியலிலும் இல்லாத ஒரு நர்ஸுக்கு, இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று கேட்க யாருமில்லை. காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர் காயம்பட்டவர் கணக்கில் வரமாட்டார்.

அந்தக் காயத்தோடுதான் சமைத்தார், சம்பாதித்தார், இரண்டு பேரை வளர்த்து ஆளாக்கினார். டிசம்பர் மாதம் வருடா வருடம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவும் வந்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அன்றைக்கு மரம் வைத்தாக வேண்டும்.

*

ஷிவி ஒருநாள் மார்தசோன் குன்றில் நடந்திருந்தால் என்ன பார்த்திருப்பார் என்று யோசிக்கிறேன். அவர் ஆட்களைத் தூக்கிவந்த குன்றின்மேல் 1950-இல் ஐந்துமுனை நட்சத்திர வடிவில் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அந்தப் போரில் இறந்தும் காயம்பட்டும் காணாமலும் போன 76,890 அமெரிக்கர்களுக்காக. உள்சுவர்களில் போர்க்கதை செதுக்கியிருக்கிறது. தூண்களுக்கு மேலே அமெரிக்க மாநிலங்களின் பெயர்கள். அந்த 76,890-இல் ஒரு சிலர் காயம்பட்டவர் பக்கத்திலேயே நின்று, இறந்தவர் பக்கத்துக்குப் போகாமல் இருந்ததற்கு இவர் கை காரணம். எத்தனை பேர் என்று எவராலும் எண்ண முடியாது.

*

கிங் அவரை பிரஸ்ஸல்ஸுக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்தில் கண்டுபிடித்தார். அதற்குள் பலரும் அவர் குண்டுவீச்சிலேயே இறந்திருப்பார் என்று முடிவுகட்டியிருந்தார்கள். 2011 ஜூனில் பெல்ஜிய மன்னர் பெயரால் வீரப்பட்டம் கிடைத்தது. டிசம்பரில் அமெரிக்க ராணுவம் மனிதநேயச் சேவைக்கான விருதைக் கொடுத்தது. வயது 90. செய்தது சாதாரணமான காரியம், யாருக்காக இருந்தாலும் செய்திருப்பேன் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

பத்திரிகைகள் இதை அடக்கம் என்று எழுதின. எனக்கு அவர் உள்ளதைச் சொன்னதாகத்தான் படுகிறது. படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸ், ரத்தம் ஒழுகும் ஆளைப் பார்த்தால் ஒழுகும் இடத்தை அழுத்துவார். அவன் எந்த நாட்டுக்காரன், இவர் தொடக் கூடாது என்று சொன்னவனா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. சாதாரணமில்லாமல் போனது சுற்றியிருந்தவை எல்லாம்.

2015 ஆகஸ்டில், 94 வயதில் இறந்தார்.

பிரையர் போருக்குப் பின் நியூயார்க் மாநிலத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக வேலை பார்த்தார். அவருக்கும் ஷிவிக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தது. அவர் இறந்தது 2007-இல், பதக்கங்களுக்கு நான்கு வருடம் முன்பு. புத்தகங்களிலும் தொலைக்காட்சியிலும் ஷிவி பெயர் தெரியாதவராக, அன்னாவாக, இறந்துபோனவராக இருந்த அத்தனை காலமும், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் அவர் முகவரி இருந்தது.